முப்பது குழி நிலத்தில் அப்பாவுக்கு ஒரு தோப்பு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஊன்றிய வேப்பங்கன்று ஒன்றரை மாதத்தில் கருகிப்போனது. பங்குனி வெயில், கட்டிக் களிமண், வந்தவர்கள் ஆளுக்கொரு சொம்பு ஊற்றிவிட்டுப் போன தண்ணீர், அதன்பின் யாரும் எட்டிப் பார்க்காத இரண்டு வாரம். வேறு கன்று பட்டுப்போனால் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இறந்தவர் பெயரில் வைத்தது பட்டால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், அம்மா கொல்லைக் கதவையே திறக்கமாட்டார். ஆகவே நினைவு மரத்துக்கு நிழல், பூ, அழகு எல்லாம் பிறகு. கன்று சாகக் கூடாது, அதுதான் முதல் கணக்கு. டெல்டாக் களிமண்ணில் அந்தக் கணக்கை எப்படிப் போட்டோம், எங்கே தப்பியது என்பதை எழுதி வைக்கிறோம்.

இடம் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, பாமணியாற்றுப் பாசனம். வீட்டுக் கொல்லையை ஒட்டி 30 குழி, அதாவது 60 அடிக்கு 72 அடி. (வெளியூர்க்காரர்களுக்கு: தஞ்சைப் பக்கத்தில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. செடி வைக்கத் தோண்டுவதும் குழிதான். இந்தப் பதிவில் இரண்டும் வரும், இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.) ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் சம்பா வயல். கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண். ஐப்பசியில் அதே மண் வீங்கி வாயை மூடிக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடக் கீழே விடாது.

திதியும் பட்டமும்

சாவு பருவம் பார்த்து வருவதில்லை. ஆனால் கன்று நடப் பருவம் உண்டு. மாசி முதல் வைகாசி வரை காரியம் நடந்தால் அன்றே மண்ணில் வைக்க வேண்டாம். கன்றைப் பையோடு ஒரு மண்தொட்டிக்குள் இறக்கி, அதற்கு விளக்கேற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். சடங்குக்கு அது போதும், எந்தப் பெரியவரும் குறை சொல்லவில்லை. பிறகு கீற்றுப் பந்தல் நிழலில் வைத்து ஆடி வரை வளர்க்கலாம்.

ஆடி பாதியிலிருந்து ஆவணி முடிய நடுவதே எங்கள் தேர்வு. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கிற வழக்கமான ஆண்டாக இருந்தால் அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், குட்டை ஏறியிருக்கும், சுமக்கும் வேலை குறையும். அதைவிட முக்கியம், வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் கன்றுக்கு 35 முதல் 80 நாள் கிடைக்கிறது. அந்த நாட்களில் விட்ட புது வேர்தான் கார்த்திகைத் தண்ணீரில் கன்றைத் தாங்கும். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நட்டால் பைக்குள் இருந்த வேர் உருண்டையோடே வெள்ளத்தில் நிற்கும். மழைக்காலம்தானே, தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று நினைத்து ஐப்பசியில் நடுவது டெல்டாவில் அடிக்கடி நடக்கும் தவறு. மேட்டு நிலத்துக்காரர்களுக்கு அது சரி, நமக்கு இல்லை. தாழ்ந்த கொல்லையாக இருந்தால் தையில் ஈரம் வாங்கியபின் நட்டு, முதல் கோடை முழுக்கத் தண்ணீர் கொடுக்கத் தயாராக இருங்கள்.

ஆண்டுத் திதி கோடையில் விழுந்தால் அன்றைக்கு நடுவதை விட்டு வேறு வேலை வைத்துக்கொள்ளலாம்: மூடாக்கு (மண்ணை மூடும் வைக்கோல்) மாற்றுவது, தண்ணீர்ப் பானை நிரப்புவது, பெயர்க்கல் நிறுத்துவது.

எந்த மரம்

நர்சரிக்குப் போகும் முன் அப்பாவோடு நடந்தவர்களிடம் போனோம். வயலில் கூட நின்ற பெரியவர், குளத்தங்கரையில் அவரோடு உட்கார்ந்திருப்பவர், அம்மா. மூன்று பேரிடமும் ஒரே கேள்வி: "எந்த மரத்தடியில நிப்பாங்க?" எதைப் பிடிக்கும் என்று கேட்டால் ஊரே சொல்லும் பதில்தான் வரும். எங்கே நிற்பார் என்று கேட்டால் இடமும் மரமும் வருகின்றன. கோயில் இலுப்பை, ஆற்றோரத்து மருது, பள்ளிக்கூடத்துப் புன்னை, மதகடி நாவல், வரப்புப் பனை. அலைபேசியில் பதிவு செய்துவிட்டு, அதே நாளில் நோட்டிலும் எழுதிவிடுங்கள். சொன்னவருக்கும் வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

அந்தப் பட்டியலை அப்படியே நட முடியாது, மண் ஒத்துக்கொள்ள வேண்டும். மருது, நாவல், புங்கன் மூன்றும் வேரில் தண்ணீர் சில நாள் நின்றாலும் தாங்கும். மருது ஆற்றங்கரை மரம்தான், திருவிடைமருதூர் என்ற பேரே அதைச் சொல்லும். புன்னையும் புங்கனும் உப்பையும் பொறுக்கும் என்பதால் வேதாரண்யம், தலைஞாயிறு, சீர்காழிக் கடலோரத்துக்காரர்கள் இவற்றிலிருந்து தொடங்கலாம். இலுப்பை பிழைத்துவிட்டால் தலைமுறை தாண்டும். ஆனால் முதல் இரண்டு ஆண்டு சவலைப் பிள்ளை மாதிரி இருக்கும். வேம்புக்கும் சரக்கொன்றைக்கும் கால் நனையக் கூடாது. இவற்றைத் திட்டில் (மேடாகக் குவித்த மண்ணில்) மட்டும் வைக்கலாம். ஆலும் அரசும் 30 குழிக்குள் வேண்டாம். வீட்டுச் சுவர் 40 அடியில் இருக்கிறது, அந்த வேர் அங்கே போய்ச் சேரும்.

தேக்கு வைக்கலாமே என்று உறவில் நாலு பேர் சொன்னார்கள். தேக்கு வைத்தால் என்றாவது ஒருநாள் கல்யாணச் செலவுக்கு மரக்கடைக்காரரைக் கூப்பிடத் தோன்றும். வெட்டினால் காசு வராத மரமே நினைவு மரத்துக்குப் பாதுகாப்பு. தென்னையை 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் முடிவானது: இலுப்பை 2, மருது 2, புன்னை 2, நாவல் 2, புங்கன் 3, வேம்பு 1, சரக்கொன்றை 1, அத்தி 1. ஆக 14. இலுப்பைகளுக்கு இடையே 30 அடி, மற்றவற்றுக்கு 15 அடி. புங்கனைக் காற்று அடிக்கும் வடகிழக்கு ஓரத்தில் வைத்தோம். இவை தவிரக் குட்டைக் கரையில் பூவரசம்போத்து (ஊன்றி வளர்க்கும் கிளைத்துண்டு) 6, சொந்த வரப்பில் பனங்கொட்டை 20.

வரப்பு சொந்தமாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொது வாய்க்கால் கரையில் நினைவு மரம் வைக்காதீர்கள். தண்ணீர் திறக்கும் முன் தூர்வார வரும் பொக்லைனுக்கு அது அப்பா மரம் என்று தெரியாது. மண் அள்ளிக் கொட்டுவதும் அதே கரையில்தான்.

குழி வேண்டாம், திட்டு

எல்லாக் கையேடும் 3 அடி குழி வெட்டி, மணலும் எருவும் செம்மண்ணும் கலந்து நிரப்பச் சொல்லும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுச் செம்மண்ணில் அது நல்ல யோசனை. பழைய டெல்டாக் களிமண்ணில் அப்படி வெட்டிய குழி ஒரு தொட்டி. நடுவில் பொலபொலவென்று கலவை, சுற்றிலும் தண்ணீர் இறங்காத சுவர். மழை பெய்தால் சுற்றுப்புறத் தண்ணீரெல்லாம் இளகிய இடத்தைத் தேடி அதற்குள் இறங்கி நிற்கும். வெளியே தரை காய்ந்திருக்கும், உள்ளே வேர் அழுகிக்கொண்டிருக்கும்.

உங்கள் மண் எந்த வகை என்று பார்க்க ஓர் எளிய சோதனை போதும். ஓரடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். மணிக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் குழியில் நடலாம். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் திட்டு போடாமல் வழியில்லை. எங்களுக்கு மூன்று மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. இதைக் கோடையில் வெடித்த மண்ணில் செய்தால் தண்ணீர் வெடிப்புக்குள் ஓடிவிட்டு நல்ல வடிகால் மாதிரி ஏமாற்றும். முதலில் நிரப்பி வடியவிடச் சொல்வது அதற்காகத்தான்.

திட்டின் அளவு: அடியில் 5 அடி விட்டம், மேலே 3 அடி, உயரம் ஒன்றரை அடி. ஒன்றுக்குச் சுமார் 19 கன அடி மண். 14 திட்டுக்கு 270 கன அடி வருகிறது. வெளியிலிருந்து மண் அடிக்கவில்லை. மூன்று ஓரமும் ஒரு நடு வாய்க்காலுமாக ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் 220 அடி நீளத்துக்கு வடிகால் வெட்டினோம். அந்த மண்ணே திட்டுக்குப் போதும், வடிகாலும் ஆயிற்று. குட்டையின் அடி மண்ணை அள்ளிப் போட வேண்டாம். மேலே இருக்கும் வண்டல் நல்லது, அதற்குக் கீழே நீலம் பாய்ந்த களியில் வேர் போகாது.

கலவை நாலு பங்கு அந்த மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழு உரம். திட்டுக்கு அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு. மணல் சேர்க்கவில்லை. களிமண்ணோடு கொஞ்சம் மணல் சேர்த்தால் செங்கல் கலவைதான் கிடைக்கும். திட்டு போடும் முன் அடித்தரையைக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்திக் கிளறிவிட வேண்டும். ஈரக் களியில் மண்வெட்டி பட்ட இடம் மெழுகியது போல ஆகிவிடும், வேர் அதைத் தாண்டாது. இந்தக் கிளறலை விட்டுவிட்டால் திட்டு ஒரு பூந்தொட்டி, அவ்வளவுதான்.

ஒரு தவறு. வேம்புத் திட்டுக்கும் சரக்கொன்றைத் திட்டுக்கும் செல்லம் கொடுப்பதாக நினைத்துப் பாதிக்குப் பாதி எரு கலந்தோம். எரு மக்க மக்கத் திட்டு இறங்கும். மற்றவை ஒன்றரை அடியிலிருந்து ஓரடி நாலு அங்குலத்தில் நின்றன. இவை இரண்டும் கார்த்திகையில் முக்கால் அடிக்கு வந்துவிட்டன. அந்த மாதம் நாலு நாள் முக்கால் அடித் தண்ணீர் நின்றது. மீதியை நீங்களே சொல்லிவிடலாம்.

கன்று வாங்குவது

ஆளுயரக் கன்றைப் பார்த்து மயங்க வேண்டாம். 2 முதல் 3 அடி உயரம், விரல் தடிமன், பையின் அடியில் வேர் வெளியே வராதது. பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொன்னால் நர்சரியில் முகம் சுளிப்பார்கள். 14 கன்று வாங்குபவருக்கு ஒன்றைக் கிழித்துக் காட்டலாம், தப்பில்லை. ஆணிவேர் அடியில் போய் முட்டிச் சுருண்டிருந்தால் அந்த வரிசையே வேண்டாம். இலுப்பைக்கு இது உயிர்ப் பிரச்சினை. எங்கள் இலுப்பையில் ஒன்று இரண்டாம் மாசியில் காரணமே தெரியாமல் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் ஆணிவேர் கொக்கி போல மேலே திரும்பியிருந்தது. நர்சரியில் அது இரண்டு வருடம் பழைய கன்று, விலையும் அதிகம்.

வைக்கும்போது: பையை முழுக்க அகற்று, உருண்டையின் அடியில் ஓரங்குலம் கத்தியால் சீவு, பக்கவாட்டில் இரண்டு மூன்று கீறல். தண்டும் வேரும் சேரும் கழுத்து, திட்டின் மேல்மட்டத்தைவிட இரண்டு அங்குலம் உயர்ந்து இருக்கட்டும். திட்டு இறங்கும்போது அதுவும் இறங்கிச் சரியாகும். காலால் மிதித்து இறுக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றினால் தானாக அமரும். மூங்கில் குச்சி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கயிறு வாழைநாராகவோ சணலாகவோ இருந்தால் நல்லது, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறு ஒரே வருடத்தில் பட்டையை அறுத்துவிடும். கன்று காற்றில் கொஞ்சம் ஆட வேண்டும். ஆடாத கன்றுக்குத் தண்டு தடிக்காது. ஓராண்டில் குச்சியை எடுத்துவிடுவது நல்லது.

மாற்றுக் கன்று: ஒவ்வொரு இனத்திலும் ஒன்று, அதே நாளில் வாங்கியது, பையிலேயே நிழலில். நினைவுத் தோப்புக்கு இதுதான் காப்பீடு. பட்ட இடத்தில் அதே உயரத்தில் அதே இனம் மறுநாளே நின்றால் வீட்டில் யாருக்கும் நெஞ்சு பதறாது. (அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.) மாற்றுக் கன்றை மாதம் ஒருமுறை இடம் மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய்விடும்.

விதை போட்டால்

இலுப்பை விஷயத்தில் நர்சரியை நம்புவதைவிட விதையை நம்பலாம். ஆனி, ஆடியில் பழம் விழும். அதிகாலையில் மரத்தடிக்குப் போனால் வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை சுத்தமாகக் கிடைக்கும். அதன் உயிர் குறைவு, இரண்டு வாரம் தாண்டினால் முளைப்பு வேகமாகச் சரியும். காய வைக்கக் கூடாது. எடுத்த அன்றோ மறுநாளோ ஓரங்குல ஆழத்தில் போட வேண்டும். ஒவ்வோர் இலுப்பைத் திட்டிலும் மூன்று கொட்டை போட்டு வைத்தோம். அப்பா நிற்கும் அதே கோயில் மரத்துக் கொட்டை. சாய்ந்துபோன கன்றின் திட்டில் இப்போது இருப்பது அந்த விதைச்செடிதான். இரண்டாம் ஆண்டு முடிவில் பக்கத்துத் திட்டிலுள்ள பைக்கன்றை எட்டிவிட்டது.

புன்னைக்கு நேர் எதிர்ச் சிக்கல், ஓடு கெட்டி. ஓட்டோடு போட்டால் முளைக்க இரண்டு மாதம் ஆகலாம். உள்ளே பருப்பு நசுங்காமல் ஓட்டை உடைத்து எடுத்துப் போட்டால் மூன்று வாரம் போதும். நாவல் கொட்டை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது உண்டு, பலமானதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள். புங்கன் போட்டால் வரும், அதற்குப் பாடம் தேவையில்லை.

பூவரசுக்குக் கன்றே வேண்டாம். மணிக்கட்டுத் தடிமனில் 7 அடிப் போத்து, அடிப்பக்கம் சாய்வெட்டு, தலைப்பக்கம் சாணி அப்பி, கரையில் ஒன்றரை அடி ஊன்ற வேண்டும். துளிர் எல்லாம் ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் வரும். போத்தை அடித்து இறக்காதீர்கள், பட்டை உரிந்து அழுகும். கடப்பாரையால் துளை போட்டு இறக்கி, சுற்றிலும் மண்ணை இடியுங்கள். ஆறில் ஐந்து பிடித்தது. வேலிக்குக் கிளுவைப் போத்து, ஓரடிக்கு ஒன்று, மூன்று பக்கமும் சேர்த்து 200. குட்டைப் பக்கம் திறந்தே இருந்தது, பூவரசு மட்டும் போதும் என்று நினைத்தோம். ஆடு தண்ணீரில் இறங்கத் தயங்கும் என்பது உண்மை. கோடையில் குட்டை வற்றும் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மை எங்களுக்கு உறைத்தபோது அத்தியில் ஓர் இலை இல்லை. அது பிறகு தழைத்துவிட்டது. இப்போது அந்தப் பக்கமும் மூங்கில் படல்.

மழையில் வாடும் கன்று

ஐப்பசி, கார்த்திகையில் இலை மஞ்சளாகித் தொங்கினால் கை தானாகக் குடத்தைத் தேடும். வேண்டாம். வேருக்கு மூச்சு முட்டினாலும் இலை தாகத்தில் வாடுவது போலத்தான் வாடும். திட்டின் ஓரத்தில் ஒரு கை மண்ணை எடுத்து முகர்ந்து பாருங்கள். சாக்கடை வாடை வந்தால் காற்று இல்லை என்று அர்த்தம். ஒரு சிறு வேரை இரு விரலில் பிடித்து இழுத்தால் தோல் உறை மாதிரி கழன்று வரும், உள்ளே நூல் மட்டும் நிற்கும். அந்த நிலையில் வடிகாலைத் தோண்டித் தண்ணீரை வயலுக்கோ குட்டைக்கோ தள்ளுவதைத் தவிர மருந்து கிடையாது. எங்கள் வடிகாலின் வாய் குட்டைக்குள் திறந்தது. குட்டை நிரம்பியதும் தண்ணீர் திரும்பி உள்ளே வந்தது. அடுத்த ஆண்டு வாயில் 6 அங்குலக் குழாய் வைத்து, குட்டை ஏறினால் சாக்குமூட்டையால் அடைத்து, வயல் பக்கம் வெட்டிவிடுகிறோம். பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சம்பா கதிர் வாங்கும் நேரம்.

கோடைக்குப் பானை. சுடுமண் பானை, மெருகு பூசாதது, 8 லிட்டர், தண்டிலிருந்து ஓரடி தள்ளி, வாய் மட்டும் தரைக்கு மேல் ஓரங்குலம் தெரியப் புதைத்தோம். மேலே ஓட்டுத்துண்டு மூடி, கொசுவுக்காக. களிமண்ணில் கசிவு மெதுவாக நடக்கும், நாலு நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் ஒரே கோடையில் பானையின் கண்கள் அடைபடும். எடுத்து வெயிலில் காயவைத்து நாரால் தேய்த்தால் ஓரளவு திறக்கும், முழுக்கத் திறக்காது. மூடாக்குக்கு வைக்கோல், நாலு அங்குலக் கனம், தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு. ஒட்டிப் போட்டால் கறையான் அந்த வழியாகவே ஏறும். சித்திரையில் மண் வெடிக்கத் தொடங்கியதும் திட்டைச் சுற்றி இரண்டு அங்குலம் கொத்திவிட்டால் வெடிப்பு வேரைக் கிழிக்காது.

அஸ்தி

இதைக் கேட்காத குடும்பம் இல்லை, கேட்கத் தயங்காத குடும்பமும் இல்லை. பூம்புகாரிலோ கோடியக்கரையிலோ கரைத்தது போக ஒரு பிடியை மரத்தடியில் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் நடும் குழிக்குள் கொட்டக் கூடாது. எலும்புச் சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட், கூடவே உப்பும் கடுமையான காரமும். எங்கள் மண்ணின் கார அமில நிலை ஏற்கெனவே 8-க்கு மேல். அதில் சாம்பலைக் கட்டியாக வைத்தால் அதைத் தொடும் இளவேர் கருகும், இரும்புச் சத்து கிடைக்காமல் துளிர் வெளுக்கும். ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். ஒரு கூடைத் தொழு உரத்தில் நன்றாகக் கலந்து, ஒரு மாதம் நனைத்து வைத்து, கன்று வேர் பிடித்தபின் திட்டின் வெளிவட்டத்தில், தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, மேலாகத் தூவிக் கொத்திவிடுவது போதும். நாங்கள் மருதைத் தேர்ந்தெடுத்தோம், அந்தக் கூட்டத்தில் அதுதான் முரட்டு மரம்.

பெயர்க்கல்

மரத்தில் ஆணியடித்துப் பலகை மாட்டாதீர்கள். மரத்தைச் சுற்றி வட்டமாகச் சிமென்டுத் திண்ணை கட்டாதீர்கள். பத்தாவது வருடம் ஒன்று திண்ணை வெடிக்கும், இல்லையென்றால் வேர் நெரிந்து புயலில் மரம் திண்ணையோடு சாயும். டைல்ஸ் பதித்த நினைவு மரங்கள் ஊர் ஊராக நிற்கின்றன. பாதியில் மரம் இல்லை, டைல்ஸ் இருக்கிறது.

கருங்கல், இரண்டரை அடி உயரம், ஓரடி அகலம், மூன்று அங்குலக் கனம். பாதி மண்ணுக்குள். களிமண் வீங்கிச் சுருங்கும்போது கல்லை மெல்லப் பிடித்துத் தள்ளும், ஒரே மழைக்காலத்தில் சாய்ந்துவிடும். ஒன்றே முக்கால் அடிக் குழியின் அடியிலும் பக்கங்களிலும் ஆறங்குலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி போட்டு இடித்து நிறுத்தினால் அசையாது. எழுத்து உயரம் ஓரங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதற்குச் சின்னதாக வெட்டினால் ணை, லை, இ எல்லாவற்றின் சுழியும் உடைந்து ஒரே பொந்தாகிவிடும். கல்தச்சரிடம் வாயால் சொல்லாதீர்கள், வாட்ஸாப்பிலும் அனுப்பாதீர்கள். முழு அளவில் தாளில் எழுதி, வீட்டில் இரண்டு பேர் எழுத்தெழுத்தாகப் படித்து, புள்ளிகளை எண்ணி, அந்தத் தாளையே கல்லில் ஒட்டச் சொல்லுங்கள். ரகரம் றகரம் மாறிய கல்லைத் திருத்த வழியில்லை. எங்கள் கல்லில் பெயரும் இரண்டு ஆண்டுகளும் மட்டும். கீழே 14 மரங்களின் பெயர் வெட்டலாம் என்ற யோசனையை ஒத்திவைத்தோம், நல்லவேளை.

பறவைக்கு

கடையில் விற்கும் வண்ணக் கூண்டு வேண்டாம், வெயிலில் உள்ளே அடுப்பு. வயலோரத்தில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டால் கரிச்சானும் மைனாவும் அன்றே உட்காரும், புழுவும் குறையும். நெற்பயிரைவிட ஓரடி உயரமாக இருக்கட்டும். கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல் தின்னும் கூட்டத்துக்கும் அதுவே திண்ணை. மூலையில் தலை முறிந்து பட்டுப்போன ஒரு தென்னை நிற்கிறது. வெட்டச் சொன்னார்கள். வீட்டிலிருந்து அதன் உயரத்தைவிட அதிகத் தொலைவில் இருப்பதால் விட்டுவைத்தோம். மரங்கொத்தி துளை போட்டது, இப்போது கிளி குடியிருக்கிறது. தோப்பில் பறவைக்கு என்று செய்ததில் செலவே இல்லாததும் பலன் தந்ததும் இந்தச் செய்யாத வேலைதான்.

நோட்டு

அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "இன்று ஓர் உழவு மழை" என்று எழுதி வைப்பவர். அதைத் தொடர ஒரு மழைமானி போதும். பக்கம் நேராக இருக்கிற கண்ணாடி ஜாடி, திறந்த வெளியில், மரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் விலகி. காலை எட்டரைக்கு உள்ளே நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழையளவு. அடியில் கண்ணாடி உட்குழிந்திருந்தால் கணக்கு தப்பும். முதலில் குழிவு மூடும்வரை மெழுகு உருக்கி ஊற்றிச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். மழையோடு எது துளிர்த்தது, எது பூத்தது, எது பட்டது என்று ஒரு வரி. இலுப்பை சாய்ந்த தேதியும், அதற்கு முன் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதும் அந்த நோட்டில் இருந்ததால்தான் குற்றம் தண்ணீருடையது இல்லை, பையினுடையது என்று தெரிந்தது.

இன்றைய நிலை: 14 இடத்தில் 11 முதல் நட்ட கன்று, ஓர் இலுப்பை விதைச்செடி, ஒரு மாற்று வேம்பு. சரக்கொன்றைக்கு மாற்றும் பட்டது. அந்தத் திட்டை உயர்த்தி நாவல் வைக்கப் போகிறோம்.

பனங்கொட்டை புரட்டாசியில் போட்டது. சதை நீக்கி, அரையடி ஆழத்தில், பத்தடிக்கு ஒன்று. பனைக்கு முதலில் முளை கீழே இரண்டு மூன்றடி இறங்கிக் கிழங்கு வைத்த பிறகுதான் இலை மேலே வரும். அதனால் பிடுங்கி நட முடியாது, மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. முளைக்கவில்லை என்று முடிவு கட்டி அந்த இடத்தில் வேறு வைப்பவர்கள் அதிகம். பொங்கலுக்குக் கிழங்கு தோண்ட வரும் பிள்ளைகளிடமிருந்து காக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூங்கில் குச்சி நட்டு, வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக மணல்மேட்டில் முப்பது கொட்டை புதைத்தோம். மாசிக் கடைசியில் வரப்பில் முதல் இலை, மடித்த விசிறி போல ஒற்றையாக. வைகாசிக்குள் இருபதில் பதினாறு. எது அலகுப்பனை (ஆண்), எது பருவப்பனை (பெண்) என்று தெரிய 12 முதல் 15 ஆண்டு ஆகும். நோட்டில் பதினாறுக்கும் எண் போட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.